மூளைக்குள் மின்முனை: தீராத டிக் கோளாறுக்கு ஒரு கடைசி வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டத் தொடங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் கண் மருத்துவரிடம் போவார்கள். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். சில மாதங்களில் சிமிட்டல் குறைந்து, பையன் தோளைக் குலுக்க ஆரம்பிப்பான். பிறகு தொண்டையைச் செருமுவான். அதற்குச் சளி மருந்து. பள்ளியில் சேட்டை என்று முட்டிபோட வைப்பார்கள். பாட்டி வேப்பிலையால் மந்திரித்துத் தாயத்து ஒன்றைக் கட்டிவிடுவார். இத்தனைக்கும் நடுவில் மாமா ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியை அனுப்புவார். அதில் ஒருவருடைய கை கடகடவென்று நடுங்குகிறது. மருத்துவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். நடுக்கம் அப்படியே நின்றுவிடுகிறது. மூளைக்குள் கருவி வைத்திருக்கிறார்களாம், நம் பையனுக்கும் வைத்தால் என்ன என்பது மாமாவின் கேள்வி.

நியாயமான கேள்விதான். காணொளியில் இருப்பவர் பெரும்பாலும் பார்க்கின்சன் நோயாளியாக இருப்பார். அந்தச் சிகிச்சையின் பெயர் ஆழ்மூளைத் தூண்டல், மருத்துவமனைகளில் டி.பி.எஸ். என்பார்கள். மிகக் கடுமையான டிக் கோளாறு உள்ள சிலருக்கும் இதைச் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே பொத்தானை அழுத்தியதும் எல்லாம் நின்றுவிடுவதில்லை. அந்த மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் டிக் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திடீரென்று, விரைவாக, தாளம் ஏதுமின்றித் திரும்பத் திரும்ப வரும் அசைவோ ஒலியோதான் டிக். கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தலையை வெட்டுதல் ஆகியவை அசைவு டிக். செருமல், முனகல், மூக்கை உறிஞ்சுதல், சில வேளைகளில் முழுச் சொற்கள் ஆகியவை ஒலி டிக். பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் ஓராண்டுக்கு மேல் நீடித்து, 18 வயதுக்குள் தொடங்கியிருந்தால் அதை டூரெட் நோய்க்குறி என்று சொல்கிறார்கள். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா டூரெட்டின் பெயர் அது. தன்னை மீறிக் கெட்ட வார்த்தை பேசுவதுதான் இந்த நோய் என்று திரைப்படங்களைப் பார்த்துப் பலர் நினைத்திருக்கிறார்கள். அது பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலாகவோதான் வருகிறது.

வீட்டில் இருப்பவர்களைக் குழப்புவது வேறொரு விஷயம். டிக்கைக் கொஞ்ச நேரம் அடக்க முடியும். "அத்தை வந்திருந்தபோது ஒழுங்காகத்தானே உட்கார்ந்திருந்தான், வேண்டுமென்றே செய்கிறான்" என்று அப்பா கோபப்படுவது இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு டிக் வருவதற்குச் சற்று முன் உடலின் அந்த இடத்தில் ஓர் இறுக்கமோ அரிப்போ அழுத்தமோ தோன்றுகிறது. அசைத்துவிட்டால் அது தணிகிறது. அடக்கினால் ஏறிக்கொண்டே போகிறது. பள்ளியில் ஏழு மணி நேரம் அடக்கி வைத்திருந்த பிள்ளை, வீட்டுக்கு வந்து பையைக் கழற்றியதும் அத்தனையையும் கொட்டித் தீர்ப்பதை எத்தனையோ தாய்மார்கள் பார்த்திருக்கிறார்கள். திட்டினால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் டிக்கும் கூடும். முட்டிபோட வைத்த ஆசிரியர் நல்ல நோக்கத்தில் செய்திருக்கலாம். இருந்தாலும் அவர் நோயைத்தான் வளர்க்கிறார்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிறது. டிக் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பருவ வயது முடிவதற்குள் பெரும்பான்மையோருக்கு நன்றாகத் தணிந்துவிடுகிறது. இடையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில வாரங்கள் ஏறும், சில வாரங்கள் இறங்கும். ஏறியிருக்கும்போது எதைச் செய்தாலும், கொஞ்ச நாளில் அது இறங்கத்தான் போகிறது. அந்தப் புகழ் தாயத்துக்குப் போகும். சில வேளை விலை உயர்ந்த மாத்திரைக்கும் போகும்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? மூளையின் நடுப்பகுதியில், ஆழத்தில், பேசல் கேங்லியா என்று அழைக்கப்படும் நரம்புத் திரள்கள் இருக்கின்றன. மூளையின் மேற்பரப்பிலிருந்து வரும் கட்டளைகள் இந்தத் திரள்களுக்கு வந்து, தாலமஸ் என்ற இன்னொரு ஆழ்பகுதி வழியாக மீண்டும் மேற்பரப்புக்கே திரும்புகின்றன. இந்தச் சுற்றின் வேலைகளில் முக்கியமானது, வேண்டிய அசைவை விடுவித்து வேண்டாததைப் பிடித்து வைப்பது. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பதைப் பலகை தீர்மானிக்கிறது. டிக் கோளாறில் அந்தப் பலகை சரியாக உட்காராமல், கேட்காத வாய்க்காலில் தண்ணீர் பீறிடுகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். டோபமின் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. டிக்கைக் குறைக்கும் மருந்துகளில் பல டோபமினின் வேகத்தை மட்டுப்படுத்துபவையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்தச் சுற்றில் நேரடியாகக் கை வைக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1970இல் ஹாஸ்லர், டீக்மான் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள், தாலமஸில் சிறு பகுதிகளைச் சுட்டு அழித்து டிக்கைக் குறைக்க முடிந்ததாக எழுதினார்கள். அழித்தது அழித்ததுதான், தவறினால் திரும்ப வழியில்லை. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆலிம் லூயி பெனாபித் என்ற நரம்பு அறுவை மருத்துவர் நடுக்க நோய்க்கு இதே வகை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று பார்க்க, அங்கே மின்துடிப்பு கொடுத்துச் சோதிப்பது வழக்கம். நொடிக்கு ஏறத்தாழ நூறு துடிப்புகள் என்ற அளவுக்கு வேகத்தைக் கூட்டியபோது, எதையும் அழிக்காமலேயே நடுக்கம் அடங்கியது. அப்படியானால் துடிப்பு கொடுக்கும் கம்பியை, அதாவது மின்முனையை, உள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று அவர் கேட்டதிலிருந்துதான் இன்றைய டி.பி.எஸ். வந்தது. 1999இல் வான்டவாலே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஹாஸ்லர் சுட்ட அதே தாலமஸ் பகுதியில் மின்முனை வைத்து, டூரெட் நோயாளி ஒருவருக்கு முதன்முறையாக இதைச் செய்ததை லான்செட் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

செய்முறை கேட்கப் பயமாக இருக்கும். உண்மையில் அது பொறியியல் துல்லியம் மிகுந்த வேலை. தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்து, போக வேண்டிய இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கிறார்கள். மண்டையோட்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளையிட்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை உள்ளே இறக்குகிறார்கள். பொதுவாக இரு பக்கமும் வைப்பார்கள். அதன் நுனியில் மின்சாரம் பாயும் சிறு வளையங்கள், வழக்கமாக நான்கு, இருக்கும். கம்பி தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்னால் கழுத்து வழியாக இறங்கி, காறை எலும்புக்குக் கீழே மார்பில் பதித்த மின்கலக் கருவியோடு சேர்கிறது. இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்கு வைக்கும் பேஸ்மேக்கரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருவி பழக்கமானதாகத் தோன்றும்.

மூளைக்கு வலி தெரியாது என்பதால் பார்க்கின்சன் நோயாளிகளைப் பல இடங்களில் விழிப்பு நிலையிலேயே வைத்து இதைச் செய்கிறார்கள். தலையை வெட்டி இழுக்கும் கடுமையான டிக் உள்ளவரைச் சட்டத்தில் அப்படி வைத்திருப்பது ஆபத்து. ஆகவே இவர்களுக்குத் தூக்க மருந்தோ முழு மயக்கமோ கொடுப்பது உண்டு. கம்பி போகும் இடமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. சிலருக்குத் தாலமஸின் நடுப்பகுதி, சிலருக்குக் குளோபஸ் பாலிடஸ் என்ற திரளின் உட்பகுதி, அரிதாக வேறு இடங்கள். எது சிறந்தது என்று மருத்துவ உலகம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இந்த ஒரு தகவலே, சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்தத் துடிப்புகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதும் முழுமையாகத் துலங்கவில்லை. அழிப்பதைப் போலவே அந்த இடத்தை வாயடைக்கச் செய்கின்றன என்று முதலில் நினைத்தார்கள். சுற்று முழுவதும் ஓடும் ஒழுங்கற்ற துடிப்பு வடிவத்தைக் கலைத்து, அதன் இடத்தில் ஒரு சீரான துடிப்பைத் திணிக்கின்றன என்பதே இன்று பரவலான கருத்து. டிக் விஷயத்தில் இந்த மாற்றம் மெதுவாக, மாதக்கணக்கில் நிகழ்கிறது. மாமாவின் காணொளியில் இருப்பது போன்ற ஒரு நொடி இங்கே இல்லை.

இப்போது பலனைப் பார்ப்போம். நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்பும் பகுதி இது, ஏனென்றால் எண்களை ஒரு பக்கமாக மட்டும் காட்டி நம்பிக்கையையும் கொடுக்கலாம், அவநம்பிக்கையையும் கொடுக்கலாம். 10 நாடுகளில் 31 மருத்துவமனைகளில் டி.பி.எஸ். செய்துகொண்ட 185 டூரெட் நோயாளிகளின் பதிவேடு 2018இல் வெளியானது. டிக்கின் கடுமையையும் அதனால் வாழ்க்கைக்கு ஏற்படும் பாதிப்பையும் சேர்த்து நூறு மதிப்பெண்ணுக்கு அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் சராசரியாக 75 இருந்தது, ஓராண்டில் 41 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ 45 சதவீத முன்னேற்றம். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கியிருந்த ஒருவருக்கு இது சிறிய விஷயமே இல்லை.

ஆனால் இவர்கள் அனைவருக்கும் கருவி ஓடுகிறது என்பது தெரியும். கருவி ஓடுகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது நோயாளிக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் கதை வேறு. 2015இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஓடும் காலத்துக்கும் நிறுத்திய காலத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு சுமார் 15 சதவீதம்தான். 2017இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், மூன்று மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடே தென்படவில்லை. மாற்றத்துக்கு மாதங்கள் பிடிக்கும் ஒரு சிகிச்சையை மூன்று மாதத்தில் அளப்பது சரியா என்ற எதிர்வாதமும் வலுவானதுதான்.

45 எங்கே, 15 எங்கே? இடைவெளியின் ஒரு பங்கை நம்பிக்கை நிரப்புகிறது. இன்னொரு பங்கு, மேலே சொன்ன ஏற்ற இறக்கம். டிக் மிக மோசமாக இருக்கும் காலத்தில்தான் யாரும் மண்டையைத் திறக்கச் சம்மதிப்பார்கள். அந்தக் காலத்துக்குப் பிறகு கொஞ்சம் இறக்கம் எப்படியும் வரும். தாயத்துக்குச் சொன்ன அதே கணக்கை இந்த நவீனக் கருவிக்கும் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மை. எல்லாவற்றையும் கழித்த பிறகும் சிலருக்குப் பெரும் பலன் மிஞ்சுகிறது என்பதே என் புரிதல். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாததுதான் சிக்கல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டி.பி.எஸ்ஸை நடுக்க நோய்க்கு 1997இலும் பார்க்கின்சனுக்கு 2002இலும் அனுமதித்தது. டூரெட் நோய்க்கு அப்படியொரு அனுமதி கிடைக்கவில்லை.

அபாயங்கள்? அதே பதிவேட்டில், பக்கவிளைவு விவரம் கிடைத்த 158 பேரில் 35 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒன்று வந்திருக்கிறது. பேச்சுக் குழறலும் உடலில் மதமதப்பும் அதிகம். கருவியின் அளவை மாற்றினால் இவற்றைப் பல வேளைகளில் சரிசெய்துவிடலாம். மூளைக்குள் இரத்தக் கசிவு 1.3 சதவீதம். தொற்று சுமார் 3 சதவீதம். தொற்று முற்றினால் கருவியையே கழற்ற வேண்டி வரலாம்.

ஆகவே இது யாருக்கு? அன்றாட வாழ்க்கை நடத்த முடியாத அளவுக்கு டிக் இருப்பவர்களுக்கு. கழுத்தை விசையோடு சுண்டிச் சுண்டித் தண்டுவடத்துக்கே சேதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தன் கண்ணில் தானே குத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய கடுமை உறுதியாக வேண்டும். பல வகை மருந்துகளைப் போதிய அளவில் போதிய காலம் எடுத்தும் பலனில்லை என்று இருக்க வேண்டும். நடத்தைப் பயிற்சியும் செய்து பார்த்திருக்க வேண்டும். முதலில் 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று இத்துறை நிபுணர்கள் சொன்னார்கள். 2015இல் திருத்திய பரிந்துரையில் வயது வரம்பு கண்டிப்பாக இல்லை. ஆனாலும் 18க்குக் கீழே என்றால் நெறிமுறைக் குழு ஒன்று பார்க்க வேண்டும் என்கிறது. பெரும்பான்மையோருக்குத் தானே தணியக்கூடிய ஒரு நோய்க்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மண்டையில் துளையிட எந்த நல்ல மருத்துவரும் அவசரப்பட மாட்டார். மாமாவுக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது.

திடீரென்று ஒரே வாரத்தில், பதின்வயதில், பலவகை அசைவுகளும் சொற்களும் ஒன்றாகக் கொட்டத் தொடங்கினால் அது வேறு வகையாக இருக்கலாம். கொரோனா காலத்தில், டிக் காணொளிகளைப் பார்த்த பதின்வயதினரிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், பல நாடுகளில் இப்படி நடந்தது. அவர்களும் நடிக்கவில்லை, அவர்களுடைய துன்பமும் உண்மை. ஆனால் அதற்கு உளவியல் சிகிச்சை வேண்டும், மின்முனைக்கு அங்கே இடமில்லை.

அறுவைக்கு முன்னால் இருக்கும் படிகளை நம் பக்கத்தில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் படி, இது நரம்பியல் கோளாறு, சேட்டை இல்லை என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிவிடுவது. லேசான டிக் உள்ள பல பிள்ளைகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அடுத்தது நடத்தைப் பயிற்சி. டிக் வரப்போகும் உணர்வை அடையாளம் கண்டுகொண்டு, அந்த அசைவோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொன்றைச் செய்யப் பழக்குவார்கள். தலையை வெட்டுபவன் முகவாயை இலேசாகத் தாழ்த்திக் கழுத்துத் தசையை மெல்ல இறுக்குவான். தொண்டையில் ஒலி எழுப்புபவன் மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து விடுவான். கேட்க எளிதாக இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 126 பிள்ளைகளில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேல் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பத்து வாரங்களில் எட்டு அமர்வுகள், துளையும் இல்லை, தையலும் இல்லை.

அதன் பிறகு மருந்து. குளோனிடின், அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன், பழைய ஹாலோபெரிடால் என்று வரிசை நீளும். தூக்கம், உடல் எடை கூடுதல், உடல் விறைப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொல்லை உண்டு. அதனாலேயே பலர் பத்து நாளில் நிறுத்திவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள். டி.பி.எஸ். குழு அதைக் கேட்காத மருந்தின் கணக்கில் சேர்க்காது. டிக்கோடு சேர்ந்து வரும் கவனக்குறைவுக் கோளாறும், ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சியும் பல பிள்ளைகளை டிக்கைவிட அதிகமாக வாட்டுகின்றன. அவற்றுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். நரம்பியல் நிபுணர் வேண்டுமென்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். டி.பி.எஸ். செய்யும் மையங்களில் ஒன்றான நிம்ஹான்ஸ் பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். எங்கள் மாவட்டத்தினருக்கு இது ஓர் அதிர்ஷ்டம். தமிழ்நாட்டின் வேறு பல ஊர்க்காரர்களைவிட நாம் அந்த வாசலுக்கு அருகில் இருக்கிறோம்.

அருகில் இருப்பது ஏன் முக்கியம் என்றால், அறுவையோடு வேலை முடிவதில்லை. கருவியின் மின்னளவு, துடிப்பின் அகலம், எந்த வளையம் என்பதையெல்லாம் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்க மாதக்கணக்கில் போய்வர வேண்டும். கருவியும் அறுவையும் சேர்ந்து பல லட்ச ரூபாய் ஆகும் என்பது ஒருபுறம் இருக்க, வெளியில் மின்னேற்ற முடியாத மின்கலம் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்துபோகும். டிக் நோயாளிகளுக்கு அதிக மின்னளவு தேவைப்படுவதால் அதற்கு முன்பே தீரலாம். அப்போது மார்பில் மறுபடி சிறு அறுவை. மின்னேற்றும் வகை பதினைந்து ஆண்டு வரை வரும், ஆனால் தவறாமல் மின்னேற்ற வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கருவி உள்ளே இருக்கும்போது செய்யக்கூடாதவையும் உண்டு. மூட்டு வலிக்கு இயன்முறை நிலையங்களில் கொடுக்கும் மின்அலை வெப்பச் சிகிச்சை அறவே கூடாது. கம்பி நுனி சூடேறி மூளையைச் சுட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வெல்டிங், மின்தூண்டல் உலை ஆகியவற்றின் அருகில் வேலை செய்பவர் மருத்துவரிடம் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். வலுவான காந்தப்புலம் கருவியைக் குழப்பலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கருவி இருப்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். சில கருவிகளுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம், சிலவற்றுக்குக் கூடாது. கைப்பேசியால் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

முதல் முறை நிபுணரைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. புதிய அறையில், புதிய மனிதர் முன்னால், பிள்ளை டிக்கை அடக்கிக்கொள்வான். மருத்துவர் பார்க்கும் அந்த இருபது நிமிடத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதனால் வீட்டில், அவனுக்கு உறுத்தாத விதத்தில், வெவ்வேறு நாட்களில் சில நிமிடக் காணொளிகளை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த டிக் எந்த வயதில் வந்தது, எது எப்போது போனது, இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தாயத்து கட்டியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அதைக் கட்டிய தேதி நினைவிருந்தால் டிக் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று மருத்துவர் கணக்கிட அதுவும் உதவும்.